தாத்தா பேசும்போது காதில் எதற்கு ஹெட்போன்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் ஒரு மண்டபத்தில் தோட்ட வாழ்க்கைக் கண்காட்சி வைத்திருந்தார்கள். பெரியப்பாவையும் அவர் பேத்தியையும் நான்தான் காரில் கூட்டிப் போனேன். பெரியப்பா முப்பது வருசத்துக்கு மேல் பால் வெட்டியவர். பேத்திக்குப் பதினொரு வயது. கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தைப் பார்த்திருக்கிறாள், ஆனால் அதை யாரும் வெட்டிப் பார்த்ததில்லை. அவள் பிறந்தபோது எங்கள் பக்கம் முழுக்கச் செம்பனை ஆகிவிட்டிருந்தது.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உளி, பால் பிடிக்கும் மங்கு இரண்டு, பால் சுமக்கும் காண்டா வாளி ஒன்று, தலையில் கட்டும் விளக்கு. கீழே சின்ன அட்டையில் ‘ரப்பர் பால் வெட்டும் கத்தி. எஃகு, மரம்’ என்று ஒரு வரி. பக்கத்தில் கியூஆர் சதுரம். பேத்தி உடனே கைப்பேசியை எடுத்து ஸ்கேன் செய்தாள். பக்கம் மெதுவாகத் திறந்தது. மொழியைத் தேர்ந்தெடு என்றது. மின்னஞ்சல் கேட்டது, என்னுடையதைக் கொடுத்தோம். அப்புறம் நாலு நிமிட வீடியோ. மண்டபத்தில் சத்தமாக இருந்ததால் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் பெரியப்பா கண்ணாடிமேல் விரலை வைத்து ஒரு சாய்கோடு இழுத்துக்கொண்டிருந்தார். “இடப்பக்கம் ஒசரம், வலப்பக்கம் எறக்கம். மாத்தி வெட்டினா பால் கொறையும்.” பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எதையோ பிய்த்து எடுப்பதுபோல் காட்டினார். முந்தின நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை முதலில் உரித்து எடுத்துவிட்டுத்தான் புது வெட்டுப் போட வேண்டுமாம். கேட்டது நான் மட்டும்தான். பேத்தியின் கண் திரையில் இருந்தது, காது அடைத்திருந்தது.

அவர் சொன்னது சரி என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ரப்பர் மரப்பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேர்குத்தாக நிற்பதில்லை. மேலே ஏற ஏற லேசாக வலப்பக்கம் சாய்கின்றன. அதனால் இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும் வெட்டு அதிகமான குழாய்களை அறுக்கிறது. விடியும் முன்பே காட்டுக்குள் போக வேண்டியதும் இதே மாதிரிதான்: வெயில் ஏறுவதற்கு முன் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக இறங்கும். பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்பு இருட்டில் நடந்ததற்குத் துரையின் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. இந்த இரண்டில் எதுவும் அந்த வீடியோவில் இல்லை. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்த கதையும், அதில் ஒன்பது கோலகங்சாருக்குப் போன கதையும் இருந்தன. அதுவும் தேவையான செய்திதான். ஆனால் அதை அவள் வீட்டில் உட்கார்ந்தே பார்த்திருக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால், உளியைப் பிடித்த கை பக்கத்திலேயே நிற்கும்போது மட்டும் கிடைக்கக்கூடியது வேறு.

நான் பினாங்கில் கைப்பேசித் திரைகளை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். வேலை விஷயமாக அருங்காட்சியகக் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் படித்ததுண்டு. அன்றைக்குப் பார்த்தது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. இந்தத் துறைக்கு எழுபது வயது ஆகிறது. வியாதிக்கும் அதே வயதுதான்.

1952இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் ஓவியர் வெர்மீரைப் பற்றிய ஒரு கண்காட்சிக்கு வானொலி முறையில் ஒலி வழிகாட்டி வைத்தார்கள். அறைகளைச் சுற்றி ஆன்டெனாக் கம்பி. உள்ளே ஒரு நாடா ஓடும். வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு அலைவாங்கிக் கருவி, காதில் குழாய். ஒலிபரப்பு ஒன்றுதான் என்பதால் எல்லாரும் ஒரே வரியை ஒரே நேரத்தில் கேட்பார்கள். சொல்லி வைத்தாற்போல் ஒன்றாகத் தலையைத் திருப்பி, ஒன்றாக அடுத்த படத்துக்கு நகர்வார்கள். காலையில் பெரட்டுக் களத்திலிருந்து அவரவர் மர நிரைக்குப் போன மாதிரி என்று பெரியப்பா சொல்லியிருப்பார்.

அதற்குப் பின் வந்ததெல்லாம் இந்தக் கட்டை அவிழ்க்கும் முயற்சி. கேசட் வந்ததும் ஆளாளுக்குத் தனித்தனியாகத் தொடங்க முடிந்தது, ஆனால் நாடாவின் வரிசைப்படிதான் நடக்க வேண்டும். டிஜிட்டல் வந்ததும் எண்ணை அழுத்தினால் அந்தப் பொருளின் கதை. பிறகு படம் காட்டும் கைக்கணினி, பிறகு கைப்பேசி. 2012இல் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகம் விளையாட்டுப் பிள்ளைகளின் நின்டென்டோ 3டிஎஸ் கருவி 5,000ஐ வழிகாட்டியாக வாடகைக்குக் கொடுத்தது. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் 2011இல் திறந்த மோனா அருங்காட்சியகத்தில் சுவரில் ஒரு விளக்க அட்டைகூடக் கிடையாது. திறந்தபோது எல்லாம் கையில் தரும் கருவியில்தான் இருந்தது. நியூயார்க்கில் கூப்பர் ஹியூவிட் 2015இல் தடித்த பேனா ஒன்றைக் கொடுத்தது. பிடித்த பொருளின் அட்டையில் அதன் முனையை ஒற்றினால் போதும், விவரம் சேர்ந்துவிடும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். எனக்கு இதில் மோனாவைவிடப் பேனாதான் பிடிக்கும். அதில் திரை இல்லை.

திரை இல்லாதது ஏன் நல்லது என்பதை எல்லாரையும்விட முன்னால் கற்றுக்கொண்டவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரட்டோரியம்காரர்கள் என்று நினைக்கிறேன். அது 1969இல் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் தொடங்கிய அறிவியல் கூடம். கண்ணாடிப் பெட்டிகள் அதிகம் கிடையாது. திருகிப் பார், தள்ளிப் பார், ஊதிப் பார் என்று எல்லாமே கைவேலை. 1990களின் கடைசியில் தொடங்கி, வருகிறவர்களுக்குக் கைக்கணினி கொடுத்துச் சோதித்தார்கள். ஒவ்வொரு சோதனைப் பொருளுக்கும் பின்னால் என்ன அறிவியல் இருக்கிறது, வேறு எப்படியெல்லாம் செய்து பார்க்கலாம் என்று அது சொல்லும். திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் பொருளைப் பிடித்துத் திருப்ப வேண்டிய கையில் கருவி இருந்தது. அதைக் கீழே வைக்கவும் இடமில்லை, விழுந்து உடைந்தால் என்ன செய்வது என்ற பயம் வேறு. கூட வந்தவர்களிடமிருந்து தனியாகப் போய்விட்ட மாதிரி இருந்ததாகவும் சிலர் சொன்னார்கள். அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: பார்த்ததைக் குறித்துவைத்துப் பிற்பாடு வீட்டில் நிதானமாகப் பார்க்கும் வசதி நிறையப் பேருக்குப் பிடித்திருந்தது. அதனால் அடுத்த கட்டத்தில் திரையை விட்டுவிட்டு ஒரு சின்ன அட்டைக்குப் போனார்கள். பொருளுக்குப் பக்கத்தில் அட்டையை ஒற்றினால் குறிப்புச் சேரும், சில இடங்களில் உங்கள் படமும் எடுக்கப்படும். கை இரண்டும் உங்களுடையதே.

இதை நான் எங்கள் அலுவலகத்தில் சொல்லும்போதெல்லாம் ஒருவர் கேட்பார்: “அப்ப அட்டையே போதும்னா நமக்கு என்ன வேலை?” நியாயமான கவலைதான்.

கருவியால் பேச்சும் வளரும் என்று காட்டிய முயற்சி ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையில் எதையாவது நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 2000களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தினர் கலிபோர்னியாவில் ஃபிலோலி என்ற பழைய மாளிகையில் ‘சோட்டோ வோச்சே’ என்ற வழிகாட்டியைச் சோதித்தார்கள். இத்தாலிய மொழியில் அதற்குத் தணிந்த குரலில் என்று பொருள்.

கைக்கணினித் திரையில் அறையின் படம் இருக்கும். மேசையைத் தொட்டால் மேசையின் கதை, கடிகாரத்தைத் தொட்டால் கடிகாரத்தின் கதை. ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதுவரை புதுமை ஒன்றுமில்லை. புதுமை என்னவென்றால், கூட வந்தவர் கேட்பது உங்கள் காதிலும் விழும். நீங்களே எதையாவது தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் ஒலிக்குத்தான் முதலிடம். சும்மா இருந்தால் உங்கள் ஜோடி கேட்பது உங்களுக்கும் கேட்கும். ஒட்டுக்கேட்டல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

விளைவு சுவையானது. கணவன் கடிகாரத்தின் கதையைக் கேட்கிறான், மனைவிக்கும் அது கேட்கிறது, கதை முடிந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து ஏதாவது சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு ஆள் வந்து கதை சொன்னால் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி ஒலியை நடத்தினார்கள்: அது பேசும்போது பேசாமல் இருந்து, அது நிறுத்தியதும் தங்கள் முறையை எடுத்துக்கொண்டார்கள். ஒலித்துண்டுகள் குட்டையாக இருந்ததுதான் இதற்கு இடம் கொடுத்தது என்பது என் கணிப்பு. நாலு நிமிடம் நிறுத்தாமல் பேசுகிற ஆளிடம் யார் வாய் திறக்க முடியும்? எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மைக்கைப் பிடித்தவரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சரி, நம் பக்கம் வருவோம். பீடோங்கிலிருந்து மெர்போக்குக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் சுங்கைப்பட்டாணி, கூலிம், பட்டர்வொர்த் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள் வேன் பிடித்து வருவார்கள். கட்டடத்துக்கு வெளியே மேட்டில், ஓடைக்கரையோரம் புக்கிட் பத்து பகாட் சண்டி. சண்டி என்றால் பழங்காலக் கோயில். 1936, 1937 வாக்கில் தொல்லியல் ஆய்வாளர்களான குவாரிட்ச் வேல்ஸ் தம்பதி தோண்டிப் பார்த்த இடம். 1960 வாக்கில் அலஸ்டர் லாம்ப் பொறுப்பில் கற்களை மறுபடி அடுக்கி எழுப்பியது. இந்த இடத்துக்கு ஒரு கையடக்க வழிகாட்டி செய்யச் சொன்னால் எங்கிருந்து தொடங்குவேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

முதலில், யார் வருகிறார்கள்? வருகிறவர்கள் வெறும் மண்டையோடு வருவதில்லை. நம் ஆட்கள் கெடாவின் பழைய பெயரான ‘கடாரம்’ என்ற சொல்லோடு வருகிறார்கள். 1025இல் ராஜேந்திர சோழன் கப்பற்படை அனுப்பிக் கடாரம் வென்ற கதை தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கும் தெரியும், தைப்பூசத்தில் சந்தித்த உறவுக்காரர் சொல்லியும் தெரியும். வேனிலிருந்து இறங்கியதும் முதல் கேள்வி, “இது சோழன் கட்டின கோயிலா?” என்பதுதான். செய்யக்கூடாத காரியம் இரண்டு. கேள்வியைக் கண்டுகொள்ளாமல் ‘கருங்கல் அடித்தளம், மண்டபம், விமானம்’ என்று அளவுகளை அடுக்குவது ஒன்று. ஆமாம் என்று தலையாட்டிக் கைத்தட்டு வாங்குவது இன்னொன்று. இந்தப் பள்ளத்தாக்கில் பல நூற்றாண்டுகளாக இந்தியாவோடும் சீனாவோடும் அரபு நாடுகளோடும் வணிகம் நடந்தது. பௌத்தக் கட்டடங்களும் இருந்தன, இந்துக் கட்டடங்களும் இருந்தன. படையெடுப்பு அந்த நீண்ட கதையில் ஒரு அத்தியாயம். கருவி அந்த முதல் கேள்வியிலிருந்தே பேச்சை எடுக்க வேண்டும். ‘சோழன் கட்டினானா என்றுதானே கேட்கிறீர்கள்?’ என்று தொடங்கினால் யாரும் ஹெட்போனைக் கழற்றமாட்டார்கள். சொல்லப்போனால் அந்த வரிக்கு ஹெட்போனே வேண்டாம்.

அடுத்து, திரை எதற்கு நிஜமாகவே உதவும்? கண்ணுக்கு முன் இல்லாததைக் காட்டுவதற்கு. சண்டியின் கல் அடித்தளம்தான் இன்று நிற்கிறது. மேலே இருந்த கூரை மரத்தால் ஆனது, தூண் நின்ற கல் பீடங்களிலிருந்து ஊகிக்கிறார்கள். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் அந்த அடித்தளத்தின் மேல் கூரை எழும் என்றால் பிள்ளைகள் துள்ளுவார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. திரையில் ஒரு தடவை பார்த்த கூரை மனசில் உண்மையாகப் பதிந்துவிடும். அந்தக் கூரையை யாரும் பார்த்ததில்லை. நானாக இருந்தால் இரண்டு மூன்று கூரைகளைப் போட்டுக் காட்டி, தூண் பீடங்களைக் காட்டி, எது பொருந்தும் என்று அவர்களையே சண்டை போட விடுவேன். அதேபோல், 2013இல் சுங்கை பத்து தோட்டப் பகுதியில் ஒரு சண்டி நிலமேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. இடமே இல்லாமல் போன இடத்துக்குக் கண்ணாடிப் பெட்டி வைக்க முடியாது. கையடக்கக் கருவிக்கு நியாயமான வேலை அங்கே இருக்கிறது.

மற்றவை நடைமுறைத் தொல்லைகள். மதிய வெயிலில் கைப்பேசித் திரை கண்ணாடி ஆகிவிடும், உங்கள் முகம்தான் தெரியும். மரத்தடியிலும் கட்டடத்துக்குள்ளும் ஜிபிஎஸ் தடுமாறும். அதற்காகப் புளூடூத் பீக்கன் என்ற சின்னச் சமிக்ஞைக் கருவியைப் பொருத்தி, பக்கத்தில் போனால் தானாகப் பேசவைக்கலாம். ஆனால் நீங்கள் அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்த நின்ற இடத்தில் அது கலசத்தின் வரலாற்றைத் தொடங்கிவிடும். தானாகப் பேசுகிற எதையும் நான் நம்புவதில்லை. கருவியை வாடகைக்குக் கொடுத்தால் ஐசியை, அதாவது அடையாள அட்டையை வாங்கிவைக்க வேண்டும், சார்ஜ் போட வேண்டும், துடைக்க வேண்டும், அதற்கு ஒரு ஆள் வேண்டும். அவரவர் கைப்பேசி என்றால் அந்தத் தொல்லை இல்லை. கியூஆர் ஸ்கேன் செய்ய நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தேவையில்லை. கோவிட் காலத்தில் மைசெஜாத்ரா செயலி எங்கள் அத்தைக்குக்கூடக் கற்றுக்கொடுத்துவிட்டது; இப்போது ரொட்டி சானாய் கடையில் டுயிட்நவ் கியூஆரைக் காட்டினால் அவரே பணம் கட்டுகிறார். 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிப்பாகங்களைப் பின்தொடர்ந்து கணக்கு வைப்பதற்குக் கண்டுபிடித்த சதுரம் எங்கெல்லாமோ வந்துவிட்டது. ஸ்கேன் செய்வதில் சிக்கல் இல்லை. அதற்கு அப்புறம் வருவதில்தான்: செயலியை இறக்கு, பதிவு செய், அனுமதி கொடு. ஆறு பேர் வந்த குடும்பத்தில் டேட்டா இருப்பது ஒருவர் கைப்பேசியில். மற்றவர்கள் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். வடிவமைப்பவர் மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்யும் ‘ஒரு ஆள், ஒரு கருவி’ எங்கள் ஊரில் கிடையாது.

தமிழ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலாயில் ஒரு பொத்தானுக்குள் அடங்கும் சொல் தமிழில் அடங்காது. ‘அருங்காட்சியகத்திற்குள்’ என்று ஒரு சொல்லை எழுதிப் பாருங்கள், பாதித் திரை போய்விடும். சில பழைய மென்பொருள்களில் ஒற்றைக்கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலுமாகப் பிரிந்து கிடக்கும். இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. இதைவிடப் பெரியது, யார் வாசிப்பார்கள் என்பது. எங்கள் குடும்பத்திலேயே மலாய் வழித் தேசியப்பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேசுவார்கள், வாசிக்கத் திணறுவார்கள். பெரியப்பா தலைமுறைக்கு வாசிக்கத் தெரிந்தாலும் கண்ணாடி வேண்டும், அது வேனிலேயே இருக்கும். ஆகவே ஒலி. ஒலி என்றால் எந்தத் தமிழ்? ‘இக்கட்டடமானது பண்டைய காலத்தே’ என்று ஒரு செய்தி வாசிப்புக் குரல் ஆரம்பித்தால் பிள்ளை அடுத்த நொடி வேறு பக்கம் போய்விடும். கெடாவில் வளர்ந்த ஒருவர், பசியாறிக்கொண்டே கதை சொல்கிற தொனியில் சொன்னதைப் பதிவு செய்தால் போதும். எழுதி வாசித்ததும் பேசியதும் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

செய்தாகிவிட்டது. நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். நிறையத் திட்டங்கள் இங்கேதான் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கின்றன.

அருங்காட்சியகத்தில் மனிதர்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுப்பது புதிதில்லை. 1920களிலும் 30களிலுமே யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் ராபின்சனும் அவரோடு ஆர்தர் மெல்ட்டனும் நிறுத்துக்கடிகாரமும் கையுமாக நின்று, யார் எங்கே நின்றார்கள், எத்தனை வினாடி என்று எழுதினார்கள். 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய ஓவியத்தின் முன் மக்கள் நிற்பது சராசரி 27 வினாடி. பாதிப் பேர் 17 வினாடிக்குமேல் நிற்கவில்லை. அருங்காட்சியக ஆய்வாளர் பெவர்லி செரல் 1998இல் 110 கண்காட்சிகளின் கணக்கைத் தொகுத்தபோது பெரும்பாலோர் ஒரு முழுக் கண்காட்சியில் 20 நிமிடம்கூடச் செலவிடவில்லை என்று கண்டார். அந்த 20 நிமிடத்தில் நாலு நிமிட வீடியோ எவ்வளவு பெரிய பங்கைத் தின்கிறது என்று பாருங்கள்.

கருவி கொடுத்தவர்கள் அதிக நேரம் நின்றார்கள் என்று அறிக்கை வரும். நின்ற நேரத்தில் எத்தனை வினாடி பக்கம் திறக்கக் காத்திருந்தது? எத்தனை வினாடி பொருளைப் பார்த்தார்கள், எத்தனை வினாடி திரையை? புதுப்பொருள் என்பதற்காகவே முதல் நாள் எல்லாரும் எல்லாவற்றையும் அழுத்திப் பார்ப்பார்கள். அந்த மோகம் இரண்டாம் தடவை இருக்காது. பதிவிறக்க எண்ணிக்கை இன்னும் மோசமான அளவு. பதிவிறக்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாவது பொருளில் திறந்தார்கள் என்று கேட்டால் அறையில் அமைதி.

கேள்வித்தாள் இருக்கிறதே என்பார்கள். வாசலில் ஒரு பிள்ளை சீருடையில் நின்று, “எப்படி இருந்துச்சு ஆன்ட்டி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்க” என்று கேட்டால் எங்கள் ஊரில் யாராவது இரண்டு என்பார்களா? விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொல்கிற மாதிரி. ஐந்துதான் வரும். எல்லா ஊரிலும் மனிதர்கள் மரியாதைக்குச் சொல்வார்கள். நம்மிடம் அது கொஞ்சம் கூடுதல். ‘நல்லா இருக்கு’ என்பதை நான் இப்போதெல்லாம் தரவாக எடுத்துக்கொள்வதில்லை. “உங்க அக்காகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டால் கொஞ்சம் உண்மை வரும்.

கேட்பதைவிடப் பார்ப்பது மேல். நான் பார்ப்பது மூன்று. எத்தனை முறை தலை நிமிர்ந்தது. விரல் எதைச் சுட்டியது, திரையையா பொருளையா. ஒலி முடிந்த பிறகு யாராவது யாரிடமாவது ஏதாவது சொன்னார்களா. இதற்கு விலையுயர்ந்த கேமரா வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும், கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலியும் போதும். யாரைப் பார்க்கிறோமோ அவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான்.

தலை நிமிர்வது ஏன் முக்கியம் என்பதற்கு உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒரு நல்ல குறிப்புத் தருகிறது. அருங்காட்சியகத்தில் சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் மாணவர்களிடம் சொன்னார். முழுப் பொருளையும் படமெடுத்தவர்களுக்கு அந்தப் பொருள் குறைவாகவே நினைவிருந்தது. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மூளை விட்டுவிட்டது போல. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுக்கச் சொன்னபோது அந்த இழப்பு தென்படவில்லை. இதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: கருவி ‘இது உளி’ என்று சொல்லக்கூடாது, ‘உளியின் முனை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, பார்’ என்று சொல்ல வேண்டும். பதில் திரையில் இருக்கக்கூடாது. பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்று, சோதனையை எப்போது செய்வது என்பது. எல்லாம் முடிந்து அமைச்சர் ரிப்பன் வெட்டிய பிறகு சோதித்தால் தப்பை ஒத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. ஒரு வரி நிரல் எழுதும் முன்பே, காகித அட்டையில் திரைகளை வரைந்து, ஒருவர் பொத்தானைத் தொட்டால் நீங்களே அடுத்த அட்டையை நீட்டலாம். ஒலிக்குப் பதில் நீங்களே பின்னால் நின்று வாசிக்கலாம். இயந்திரத்துக்குப் பதிலாக ஆள் ஒளிந்து வேலை செய்வது, எங்கள் தொழிலில் பழைய தந்திரம். ஐந்து பேரிடம் சோதித்தால் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று, டாம் லாண்டவரோடு சேர்ந்து 1993இல் போட்ட கணக்கை வைத்து ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் சொன்னார். ஆனால் அந்த ஐந்து பேரும் ஒரே வகை ஆட்களாக இருக்க வேண்டும். பதினொரு வயதுப் பேத்தியும் எழுபத்தைந்து வயதுத் தாத்தாவும் ஒரே வகை இல்லை. அதைவிட, அவர்களைத் தனித்தனியாகச் சோதித்தால் கண்காட்சியில் நடப்பது எதுவும் தெரியாது. குடும்பமாக வருகிறவர்களைக் குடும்பமாகத்தான் சோதிக்க வேண்டும்.

அந்தக் கண்காட்சி நடத்தியவர்களில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். பேசிவிட்டு, அடுத்த வாரம் பெரியப்பாவையும் பேத்தியையும் மறுபடி கூட்டிப் போனேன். வீடியோவை விட்டுவிட்டு, என் கைப்பேசியில் பதினைந்து வினாடி ஒலி ஒன்று மட்டும் வைத்திருந்தேன். என் குரல்தான். “பெட்டிக்குள்ள இருக்கிற உளியைப் பாரு. இதைப் பிடிச்சவங்க யாராவது உன்கூட வந்திருக்காங்களா? மரத்துல எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வெட்டுவாங்கன்னு கேளு.” ஹெட்போன் இல்லை, ஸ்பீக்கர்.

பேத்தி தட்டினாள். கேட்டாள். தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். “தாத்தா, எந்தப் பக்கம்?”

அவர் கண்ணாடிமேல் விரல் வைத்தார். இடது மேலே. பேத்தி நடுவில் தடுத்து, ஏன் நேராக வெட்டக்கூடாது என்றாள். நேராக வெட்டினால் பால் மங்குக்கு எப்படி வந்து சேரும், ஓடவேண்டாமா என்றார். பக்கத்தில் நின்ற வேறொரு குடும்பத்து அம்மா, எங்கள் அப்பா மழை நாளில் வெட்டமாட்டார் என்று சேர்ந்துகொண்டார். பெரியப்பா மழையைப் பற்றித் தொடங்கினார். ஓரிடத்தில் என் ஒலிப்பதிவையே திருத்தினார்: “தம்பி, ‘வெட்டுவாங்க’ன்னு சும்மா சொல்லிட்டே. வெட்டுறதுக்கு முன்னால ஒட்டுப்பால உரிக்கணும். அதச் சொல்லலியே?” குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கைப்பேசியின் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஒரு தட்டு. பதினைந்து வினாடி ஒலி. அதற்குப் பிறகு எந்தத் தொடுகையும் இல்லை. அரை நிமிடத்தில் திரை தானாக அணைந்திருக்கிறது. எங்கள் அலுவலக அறிக்கையில் இப்படிப்பட்ட வரியை ‘பயனர் ஆர்வமிழந்து வெளியேறினார்’ என்ற கட்டத்தில் போடுவோம்.